வெளிச்சத்தை மறைத்தவள்

விருத்தாம்பாளுக்குப் பேச வரும் என்பதே நெய்வேலி டவுன்ஷிப்பில் பலருக்குத் தெரியாது. பதினாறாம் பிளாக்கில் அவள் கூட்டும் தெருவுக்குக் குடும்பங்கள் வரும். புரமோஷன் கிடைத்ததும் பெரிய டைப் குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போகும். ரிட்டையர் ஆனால் கட்டில் பீரோவை லாரியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்கள், பால்காரரிடம் சொல்லிக்கொள்வார்கள். கூட்டுகிறவளிடம் யாரும் சொல்லிக்கொண்டதில்லை. அதில் அவளுக்கு மனக்குறையும் இல்லை. தெருவிலிருந்த வேப்ப மரங்களிடமும்தான் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே வித்தியாசம், மரங்களுக்கு வெள்ளை பெயின்டில் நம்பர் போட்டிருந்தது.

வீட்டில் பேச்சு வேலையை அவள் புருஷன் கலியன் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தான். மந்தாரக்குப்பத்து லாரி ஷெட்டில் அவனுக்கு வேலை. பாதி நாள் இருமல், மீதி நாள் பேச்சு. அரசியல், மழை, லாரி டயர், பக்கத்து வீட்டுக் கோழி, எல்லாவற்றுக்கும் அவனிடம் கருத்து இருந்தது. இரண்டு பேர் பேசும் அளவுக்கு அந்த வாடகை வீட்டில் இடமும் இல்லை.

அவள் பிறந்தது வளையமாதேவிப் பக்கம். அப்பன் ஆத்தா நட்டதும் அறுத்ததும் அடுத்தவர் நிலத்தில். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அந்த நிலங்களை எடுத்தபோது, நிலம் கொடுத்தவர்களுக்கு நஷ்டஈடு பற்றியும் வேலை பற்றியும் பேச்சு நடந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களைப் பற்றிப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. கையில் ஒட்டிய சேறு பத்திரத்தில் ஏறுவதில்லை. விருத்தாம்பாள் அதற்கு வெகுகாலம் முன்பே கல்யாணமாகி மந்தாரக்குப்பம் வந்து, கையில் துடைப்பம் எடுத்துவிட்டாள்.

அவளுடைய வாயில்லாத குணத்துக்கு மதிப்புக் கொடுத்த ஒரே மனிதர் கான்ட்ராக்டர் சங்கரலிங்கம்.

“பத்துப் பொம்பளைங்கள வச்சிக்கினு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்தி லீவு கேக்குறா, ஒருத்தி சம்பளச் சீட்டு கேக்குறா. விருத்தா மட்டும் எதையும் கேக்கறதில்ல. தங்கம்!” என்று மற்றப் பெண்கள் காதில் விழும்படி சொல்வார்.

சங்கரலிங்கத்தின் தொழில் முறையைச் சொல்லிவிட வேண்டும். கூட்டும் கான்ட்ராக்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முடியும். முடிந்ததும் புதுக் கம்பெனி ஒன்று அதை எடுக்கும். முதலில் கம்பெனி அவர் பெயரில் இருந்தது. பிறகு மனைவி பெயரில். பிறகு மருமகன் பெயரில். ஜீப் அதே ஜீப், ஹாரன் அதே ஹாரன், உள்ளே உட்கார்ந்திருப்பவரும் அதே சங்கரலிங்கம். பெண்கள் கழுத்தில் தொங்கும் பாஸ் மட்டும் புதிது. புதுப் பாஸில் வேலையில் சேர்ந்த தேதியும் புதிது. ஆக, பாஸ் கணக்கின்படி விருத்தாம்பாள் எப்போதும் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் உள்ளங்கையில் காய்த்துப் போயிருந்த இடத்துக்குத்தான் வயது அதிகம்.

கான்ட்ராக்டிலிருந்து தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டி, சொசைட்டியிலிருந்து பெர்மனெண்ட். டவுன்ஷிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் மோட்சத்துக்கு வழி. பெர்மனெண்ட் என்பது சொர்க்கம் என்றால், சொசைட்டி என்பது அதன் வாசலில் நிற்கும் வரிசை. வரிசையில் நின்றாலே போதும். அங்கே சேர்ந்த தேதி மாறாது, ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் வேலை போகாது, புருஷனின் நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடலாம் என்று சொன்னார்கள். அந்த வருஷம் சங்கரலிங்கம் தன் ஆட்களில் ஒரே ஒரு பெண்ணின் பெயரைச் சொசைட்டிக்கு அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது.

“இந்த வாட்டி உம் பேருதான் விருத்தா. நீ இப்பிடியே இரு, போதும்” என்றார்.

இப்படியே என்றால் வாயைத் திறக்காமல். இருபது வருஷமாகச் செய்கிற காரியம். இன்னும் சில வாரம் செய்வதில் என்ன கஷ்டம்? அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வானத்திலிருந்து கிரகம் வந்தது.

டவுன்ஷிப்பில் அறிவுச்சுடர் மன்றம் என்று ஒன்று இருந்தது. ரிட்டையர் ஆன அதிகாரிகள் கூடிப் பேசும் இடம். பதினாறாம் பிளாக்கில் பிறந்து வளர்ந்த பிரவின்குமார் என்ற பையன் வெளிநாட்டில் டெலஸ்கோப் வேலையில் இருந்தான். அவன் இருந்த குழு எங்கோ தொலைவில் ஒரு புதுக் கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தது. அவன் லீவில் வந்தபோது மன்றம் பிடித்துக்கொண்டது. பாராட்டு விழாவும் சொற்பொழிவும் ஏற்பாடாயின. ‘நெய்வேலி கண்டெடுத்த புதிய உலகம்!’ என்று வாசலில் பெரிய பேனர். அதில் நீலக் கடல், வெள்ளை மணல், நாலு தென்னை மரம். பேனர் அடித்தவரிடம் புதிய உலகம் எதுவும் கைவசம் இல்லை. போன மாதம் ஒரு டிராவல்ஸுக்குப் போட்ட படம் இருந்தது.

மன்றத்து ஹால் பெரியது. உறுப்பினர்கள் வந்தால் முன்வரிசை இரண்டுதான் நிறையும், அதிலும் சிலர் காபிக்கு வருகிறவர்கள். காலி நாற்காலியைப் பார்த்தால் சிறப்பு விருந்தினரின் முகம் வாடிவிடும். அதனால் இப்படி விழா நடக்கும்போதெல்லாம் சங்கரலிங்கம் தன் ஆட்களை அனுப்பி ஹாலை நிரப்புவது வழக்கம். பெண்கள் அதை நாற்காலி வேலை என்பார்கள். மற்ற வேலையெல்லாம் நின்று செய்வது. இது உட்கார்ந்து செய்வது. யூனிபார்ம் சேலை கட்டி வர வேண்டும். தூங்கக் கூடாது. சூப்பர்வைசர் வளவன் ஓரமாக நிற்பான். அவன் கைக்குட்டையை வெளியே எடுத்தால் கை தட்ட வேண்டும். மேடைப் பேச்சைக் கேட்டுத் தட்டினால் தப்பான இடத்தில் தட்டிவிடுவார்கள் என்று சங்கரலிங்கம் செய்த ஏற்பாடு இது.

இந்த முறை கூடுதலாக ஒரு வேலை வந்தது. பொதுமக்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தால் நன்றாக இருக்கும் என்று மன்றச் செயலாளர் ஆசைப்பட்டார். கேள்வியையும் அவரே தயார் செய்து கொடுத்தார். ‘ஐயா, அந்தப் புதிய உலகத்தில் மனிதர்கள் வாழ முடியுமா?’ கூட்டத்தில் வாய் நீளமான மாணிக்கம்மாளுக்கு அது கொடுக்கப்பட்டது. அவள் ஒரு வாரம் துடைப்பத்தின் தாளத்துக்கு அதைச் சொல்லிப் பார்த்தாள். ‘ஐயா’ என்றால் ஒரு வீச்சு, ‘அந்தப் புதிய’ என்றால் ஒரு வீச்சு. பக்கத்தில் கூட்டிய விருத்தாம்பாளுக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

விழா மாலையில் நடந்தது. தொழிலாளர் நலன் பார்க்கும் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். ஹாலில் ஏசி அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. பிரவின்குமார் மேடைக்கு வந்ததும் பேனரைப் பார்த்துச் சிரித்தான்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தென்னை மரம் கிடையாது. கடற்கரையும் கிடையாது. கால் வைக்கத் தரையே கிடையாது.”

மன்றச் செயலாளர் கொஞ்சம் நெளிந்தார்.

பையன் தெளிவாகப் பேசினான். அந்த நட்சத்திரம் நம் சூரியனுக்கு அண்ணன் தம்பி மாதிரி. இன்று நமக்குத் தெரியும் அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது இங்கே சோழர் ஆட்சி நடந்தது. நட்சத்திரத்துக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். கிரகத்துக்கு அந்த நம்பரோடு பி என்ற எழுத்து. முன்வரிசைக்காரர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் குடியிருந்த வீடுகளும் அப்படித்தான்.

“பூமியைவிடப் பெரிசு, நெப்டியூனைவிடச் சின்னது. அதனால மினி நெப்டியூன்னு சொல்றோம். நம்ம நெப்டியூன் குளிர்ல உறைஞ்சு கிடக்கு. இது தன் சூரியனை ஒட்டிக்கிட்டே சுத்துது. உடம்பு முழுக்கக் கனமான காத்துப் போர்வை. ஈயத்தைக் கொண்டுபோய் வெச்சா உருகி ஓடிடும்.”

இந்த இடத்தில் வளவனுக்கு வியர்த்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். ஹால் அதிரக் கைதட்டல் எழுந்தது. பிரவின்குமார் திகைத்துப் போனான்.

“அங்கே மனுஷங்க வாழவே முடியாது” என்றான் அடுத்து.

வளவன் பதறிப்போய்க் கைக்குட்டையைப் பையில் திணிக்கப் பார்த்தான், அது கீழே விழுந்தது, குனிந்து எடுத்தான். மறுபடியும் கைதட்டல். வாழ முடியாத இடத்துக்கு இவ்வளவு வரவேற்பா என்று சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்தார்.

விருத்தாம்பாள் மட்டும் வேறு ஒன்றில் சிக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கிரகம் தன் சூரியனைச் சுற்றிவரப் பத்து நாள்தான் ஆகும் என்று பையன் சொல்லியிருந்தான். அப்படியானால் அங்கே பத்து நாளுக்கு ஒரு வருஷம். சுற்றி வருகிறது, முடிகிறது, மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம்போல் இருந்தது. எங்கே தெரிந்தது என்றுதான் விளங்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. அனல் மின் நிலையத்தில் ரிட்டையர் ஆன ஒருவர் எழுந்து, “அந்த நட்சத்திரம் எத்தனை மெகாவாட் இருக்கும்?” என்று கேட்டார். இன்னொருவர் கேள்வி கேட்பதாகச் சொல்லித் தன் மகனும் அமெரிக்காவில் இருப்பதைத் தெரிவித்தார். “பொதுமக்கள் யாராவது...” என்றார் செயலாளர்.

வளவன் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். மாணிக்கம்மாளின் நாற்காலி காலியாக இருந்தது. பின்பக்கம் வடை போட ஆரம்பித்திருந்தார்கள். வாசனை வந்த திக்கில் அவள் போய்விட்டிருந்தாள். வளவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் விருத்தாம்பாள்.

“யக்கா, நீ கேட்டுடு. அதான் தெரியுமே உனக்கு!” என்று மைக்கை அவள் கையில் திணித்தான்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? வாழ முடியாது என்று அந்தத் தம்பி வாயால் சொல்லிவிட்டான். இரண்டு முறை கைதட்டலும் வாங்கிவிட்டான். இலை போட்டுச் சோறு பரிமாறி முடித்தவரைப் பார்த்து, உங்கள் வீட்டில் உலை வைத்தாயிற்றா என்று கேட்பதுபோல் ஆகிவிடாதா? அவனைப் பெற்றவர்கள் வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள். மரியாதைக்காகத்தான், தனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்டாள்.

“தம்பி... அங்க பத்து நாளைக்கு ஒருதரம் வருசம் முடிஞ்சிடுதுன்றீங்களே...”

“ஆமாம்மா.”

“அங்கதான் ஆளே இல்லன்றீங்க. அப்ப அந்த வருசத்தையெல்லாம் யாருங்க எண்றது?”

ஹாலில் ஒரு சிரிப்பு புறப்பட்டுப் பாதியிலேயே நின்றது. பிரவின்குமார் மேடையை விட்டே இறங்கி வந்துவிட்டான்.

“நாங்கதாம்மா எண்றோம். இங்கேர்ந்து. அந்தக் கிரகத்தை நாங்க கண்ணால பார்த்ததில்லை. அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி குறையும். மறுபடி பத்து நாள் கழிச்சு அதே மாதிரி குறையும். அந்தக் குறையறதை வெச்சுத்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியும்.” அவன் சட்டென்று நின்றான். “அம்மா, நீங்க பதினாறாம் பிளாக் கூட்டறவங்கதானே?”

அவள் தலையாட்டினாள்.

“எங்க வீட்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலையில வெயில் நேரா என் புஸ்தகத்து மேல விழும். திடீர்னு ஒரு நிழல் வந்து மறைச்சுட்டுப் போகும். அப்படின்னா ஸ்கூல் பஸ் வரப்போகுதுன்னு அர்த்தம். நான் கடிகாரமே பார்க்க மாட்டேன். அந்த நிழல் நீங்கதான்!”

முன்வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. டவுன்ஷிப் அவளை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை. சிறப்பு விருந்தினருக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. ஓரமாக நின்ற சங்கரலிங்கத்தைக் கேட்டார்: “இந்த அம்மா உங்க ஆளா? எவ்வளவு நாளா இருக்காங்க?”

சங்கரலிங்கம் பழக்க தோஷத்தில் பாஸில் இருந்ததைச் சொன்னார். “புதுசுங்க சார். ஆறு மாசம் ஆவுது.”

“ஆறு மாசமா? நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போதே இவங்க வருவாங்களே!” என்றான் பிரவின்குமார், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்.

வளவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நன்றாக வியர்த்திருந்தது. கைக்குட்டையை எடுத்தான். ஹால் கை தட்டியது.

விழா முடிந்து ஜீப் பக்கத்தில் சங்கரலிங்கம் அவளை நிறுத்தினார். “தங்கம்னு சொன்னேனே, என்னைச் செருப்பால அடிச்சுக்கணும். எவன் சொல்லிக் கேட்ட? எந்தச் சங்கத்துக்காரன் சொல்லிக் குடுத்தான்?”

“யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. தெரியாமத்தான் கேட்டேன்.”

“தெரியாம கேட்டாளாம்! கழட்டு பாஸ. பாஸ் இல்லாம ஒருத்தியும் தொடப்பத்தத் தொடக் கூடாதுன்னு நம்ம ரூலு. நாளைலேர்ந்து வராத. சொசைட்டிய மறந்துடு.”

அவள் பாஸைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாணிக்கம்மாள் வாயில் வடையோடு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“அடிப்பாவி! ஒரு வடைக்காக என் கேள்விய உங்கிட்ட வுட்டுட்டுப் போனேன். அத கேக்காம வேற எதையோ கேட்டியாமே!”

மந்தாரக்குப்பத்து வீட்டில் கலியனுக்கு வேறு வருத்தம். “என்னாடி இது, இருவது வருசமா ஒரே வூட்டுல குந்திக்கினு இருக்கோம். எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருப்பியா? முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்டப் போயி கேட்டுட்டு வந்திருக்க?”

“உங்கிட்ட கேட்டா நீ பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவியே” என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, ஆஸ்பத்திரிச் சீட்டு கைக்கு எட்டும் தூரம் வந்து போய்விட்டதை நினைத்தாள். கேள்வி கேட்காமல் இருந்திருக்கலாம். எண்ணுவது யாராக இருந்தால் அவளுக்கென்ன?

மறுநாள் ஒரு தொழிற்சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். “அம்மா, நீங்க ஒரே கேள்வியில முதலாளித்துவத்தோட முகமூடியக் கிழிச்சிட்டீங்க” என்றார் மூத்தவர்.

“நான் எதையும் கிழிக்கலீங்க” என்றாள் பயந்துபோய்.

அதற்கடுத்த நாள் இன்னொரு சங்கம் வந்தது. முதல் சங்கத்துக்கு இந்தக் கேள்வியில் உரிமை கிடையாது என்றும், கான்ட்ராக்ட் தொழிலாளர் பிரச்சினையைத் தாங்கள்தான் முதலில் எடுத்தோம் என்றும், எனவே கிரகம் தங்களைத்தான் சேரும் என்றும் விளக்கினார்கள். டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட் பக்கம் போஸ்டர் வந்தது. ‘அங்கே பத்து நாளில் வருஷம்! இங்கே இருபது வருஷமும் பூஜ்யம்!’ கீழே தலைவர்கள் படம் வரிசையாக. கடைசியில் சின்ன வட்டத்தில் கிரகம். கேட்டவள் படத்துக்கு இடம் போதவில்லை. கேட் மீட்டிங்கில் பேச வரச்சொன்னார்கள். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்டாள். கலியன் அவளுக்குப் பதிலாகப் போய்ப் பேசத் தயாராக இருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

அந்த வாரத்தின் கடைசியில் சங்கரலிங்கத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது. உள்ளிருந்து அவரே இறங்கினார்.

“விருத்தா, ஏறு. அந்தத் தம்பி ஊருக்குப் போறதுக்குள்ள உன்ன போட்டோ புடிக்கணுமாம். நீ அந்த ஜன்னலத் தாண்டிப் போறத எடுத்து, வெளிநாட்டுல போட்டுக் காட்டப் போவுதாம். அதிகாரியும் வந்து நிக்கிறாரு. ரெண்டு தபா நட, போதும். வாய மட்டும் தொறக்காத, உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

முதல் தடவையாக ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் பிளாக்கில் அந்த வீட்டு முன்னால் ஒரு கூட்டமே இருந்தது. பிரவின்குமாரின் அப்பா ரிட்டையர் ஆகி அந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பல காலம் ஆகிவிட்டது. இப்போது குடியிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு அவன் உள்ளே ஜன்னலோரம் கேமராவோடு நின்றான். வெளியே அதிகாரி, மன்றச் செயலாளர், வளவன், கூட்டுகிற பெண்கள் எல்லாரும். வெயில் சரியாக ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது.

“சீக்கிரம்மா! வெயில் ஏறிட்டா நிழல் உள்ளே விழாது” என்று அவன் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

சங்கரலிங்கம் தன் கையாலேயே துடைப்பத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“என்ன ஆச்சு?” என்றார் அதிகாரி.

“கூச்ச சுபாவம் சார். விருத்தா, புடி.”

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பாஸ் தொங்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சங்கரலிங்கத்துக்குப் புரிந்தது, புரியாதவர்போல் நின்றார். மாணிக்கம்மாளால் பொறுக்க முடியவில்லை.

“பாஸ் இல்லாம தொடப்பத்தத் தொடக் கூடாதுங்க சார். மொதலாளி ரூலு அது. மீறித் தொட்டா அன்னைய சம்பளம் கட். அவ ரூலுப்படிதான் நிக்கிறா.”

“பாஸ் எங்கே?” என்றார் அதிகாரி.

“ரினியூவலுக்குப் போயிருக்கு சார்.”

“வெயில் போகுது!” என்றான் பிரவின்குமார்.

“வெயில் போகுதாம்” என்றார் செயலாளர், தாம் எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக.

எல்லாரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் சூரியனைப் பார்த்தார். அது யாருக்காகவும் நிற்கிறதாகத் தெரியவில்லை. மெல்லச் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பாஸை எடுத்தார்.

“ரினியூவலுக்குப் போனது உங்க பாக்கெட்லயா இருந்துச்சு?” என்றார் அதிகாரி.

“இப்பதான் சார் வந்துச்சு.”

அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். சேர்ந்த தேதியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் நின்ற, வழுக்கை விழ ஆரம்பித்திருந்த பிரவின்குமாரையும் பார்த்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். ரிட்டையர்மென்டுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது.

“சொசைட்டிக்கு ஒரு பேர் கேட்டிருந்தோமே. இவங்க பேர அனுப்பிட்டீங்களா?”

“அதான் சார் மொதப் பேரு!”

“இருக்கிறதே ஒரு பேர்தானே.”

“அந்த ஒண்ணே இவங்கதான் சார். போன வாரமே முடிவு பண்ணிட்டேன்.”

அத்தனை பேர் எதிரில் சொல்லிவிட்ட பொய்யை அவர் இனி உண்மையாக்கித்தான் ஆகவேண்டும். விருத்தாம்பாள் பாஸைக் கழுத்தில் மாட்டினாள், துடைப்பத்தை வாங்கினாள்.

நடந்தாள். ஜன்னலைக் கடந்தபோது உள்ளே வெளிச்சம் ஒருகணம் குறைந்து மீண்டது.

“இன்னொரு வாட்டிம்மா. ஒரு தடவை மறைச்சா யாரும் நம்ப மாட்டாங்க. ஏதோ தூசி குறுக்கே வந்திருக்கும்பாங்க. மறுபடி மறுபடி அதே நேரத்துக்கு மறைச்சாத்தான் கிரகம்னு ஒத்துக்குவாங்க.”

அவள் மறுபடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நடந்தாள். மன்றச் செயலாளர் தானாகவே கை தட்டினார். வளவன் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

சொசைட்டி ஆர்டர் வருவதற்கு மழைக்காலம் ஆகிவிட்டது. வந்ததும் சங்கரலிங்கம் மந்தாரக்குப்பத்தில் பேனர் வைத்தார். ‘உழைப்பை மதிக்கும் உத்தமர்’ என்று அவர் படம். பக்கத்தில் அதே நீலக் கடல், அதே தென்னை மரங்கள். இரண்டு சங்கங்களும் தனித்தனியாக வெற்றிக் கூட்டம் போட்டன. கலியன் இரண்டுக்கும் போய் இரண்டிலும் டீ குடித்தான். மறுவாரம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, முன்னால் நின்றவரிடம் கிரகங்களைப் பற்றி விளக்கினான்.

முதல் நாள் காலை விருத்தாம்பாள் புதுச் சேலையில் வந்தாள். தெரு அதே தெரு. துடைப்பம் அதே துடைப்பம். மாணிக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னாடி மாறிப்போச்சு? அதே குப்பதான இது?”

“இனிமே வருசத்த எண்ணுவாங்களாம்.”

“எப்பலேர்ந்து?”

“இன்னைலேர்ந்து.”

“அப்ப நேத்து வரைக்கும் கூட்டுனது?”

விருத்தாம்பாள் கூட்டிக்கொண்டே போனாள். மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. வேப்பஞ்சருகு ஈரத்தோடு தரையில் ஒட்டிக் கிடந்தது. கிழக்கு பார்த்த அந்த ஜன்னல் வந்தது. எப்போதும் கடந்துபோகிற வேகத்தில் கடக்கப் போனவள், நடுவில் நின்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். சூரியன் முதுகில் விழுந்தது. அவள் நிழல் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி உள்ளே போய் யார் வீட்டுத் தரையிலோ படுத்தது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

உள்ளே ஒரு பெண்குரல் அதட்டியது. “யாரது, ஜன்னல்ல நின்னுக்கிட்டு வெளிச்சத்தை மறைக்கறது?”

“நான்தாங்க. விருத்தாம்பாள்” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.